கோல்ப் புல்லுக்கு எந்தத் தண்ணீர்? கிண்டி மதிலுக்குப் பின்னால் ஒரு கணக்கு!

கிண்டி ரயில் நிலையத்தில் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்து, ரேஸ் கோர்ஸ் ரோடு வழியாக வேளச்சேரி பக்கம் போகிறவர்களுக்கு அந்த நீண்ட மதில் சுவர் பழக்கமானது. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால் சுவருக்கு மேலே மரங்களின் தலை தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால், "குதிரைப் பந்தயம்" என்பார்கள். குதிரை ஓடும் பாதைக்கு நடுவிலே 18 குழிகள் கொண்ட கோல்ப் மைதானம் ஒன்று பல்லாண்டு காலம் இருந்து வந்தது என்பது பல பேருக்குத் தெரியாது!

"நமக்கென்ன சார்? பெரிய மனுஷங்க ஆடுற ஆட்டம். தடியால பந்தைத் தட்டுவாங்க, பின்னாலேயே நடந்து போவாங்க" என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடலாம்.

ஆனால் அப்படிப் போய்விட முடியாது. கோல்ப் மைதானம் என்பது ஒன்றிரண்டு கிரவுண்டு நிலம் அல்ல. நூறு, நூற்றைம்பது ஏக்கர். அந்தப் புல் குடிக்கும் தண்ணீர், அதில் தெளிக்கும் மருந்து, மழை நாளில் அது வெளியே தள்ளும் வெள்ளம், இந்த மூன்றும் மதில் சுவரோடு நிற்பதில்லை. அக்கம்பக்கத்துத் தெருவுக்கு வருகின்றன. கிணற்றுக்கு வருகின்றன. சில சமயம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகின்றன!

614 ரூபாய் வாடகை!

முதலில் கிண்டி நிலத்தின் கதையைப் பார்ப்போம். அரசுக்குச் சொந்தமான 160 ஏக்கர் 86 சென்ட் நிலம் 1945 முதல் 99 ஆண்டுக் குத்தகைக்கு மதராஸ் ரேஸ் கிளப்புக்கு விடப்பட்டது. வாடகை எவ்வளவு தெரியுமா? ஆண்டுக்கு 614 ரூபாய்ச் சொச்சம்! மாதத்துக்கு அல்ல, ஆண்டுக்கு!

பிறகு வாடகையை உயர்த்தும் தகராறு வந்தது. கோர்ட்டுக்குப் போனது. 2023-ல் சென்னை உயர்நீதிமன்றம் 730 கோடி ரூபாய்க்கு மேல் பாக்கி இருப்பதாகக் கூறி, அதைக் கட்டும்படி உத்தரவிட்டது. 2024 செப்டம்பரில் தமிழக அரசு குத்தகையை ரத்து செய்து, வாசலுக்குச் 'சீல்' வைத்தது. அதில் 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா அமைக்கப் போவதாக அறிவித்து, தோட்டக்கலைத் துறையிடம் ஒப்படைத்தது. மழைநீரைத் தேக்க மாநகராட்சி அங்கே குளங்கள் வெட்டியது. இதை எதிர்த்து வழக்குகளும் நடந்தன.

யார் பக்கம் நியாயம் என்பதைச் சொல்ல வேண்டியது கோர்ட்டு. நாம் பார்க்க வேண்டியது வேறு. நூறு ஏக்கர் புல்வெளியை ஊருக்குத் தீங்கு இல்லாமல் வைத்துக் காப்பாற்ற முடியுமா, முடியாதா?

முடியும் என்கிறார்கள் விவரம் தெரிந்தவர்கள். அது தானாக நடக்காது என்றும் சொல்கிறார்கள்.

நம்ம ஊர் அருகம்புல்!

கோல்ப் மைதானத்துப் புல் ஏதோ சீமையிலிருந்து கப்பலில் வந்த புல் என்று நினைத்துக் கொண்டிருக்கிறீர்களா? வெப்ப நாடுகளில் பெரும்பாலான கோல்ப் மைதானங்களில் இருப்பது 'பெர்முடா' புல். பெயர்தான் பெர்முடா. ஆள் யார் தெரியுமா? பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே, அந்த அருகம்புல்லேதான்!

அருகம்புல்லை அதன் ஆப்பிரிக்கச் சொந்தக்காரப் புல் ஒன்றோடு கலந்து, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிப்டன் என்ற ஊரில் ஒட்டு ரகங்கள் உண்டாக்கினார்கள். குட்டையாக, மெத்தை போல நெருங்கி வளரும் அந்த ரகங்கள்தான் உலகம் சுற்றி வந்தன.

வேலி ஓரத்து அருகம்புல்லுக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. வெயிலில் காய்ந்து கிடக்கும். ஒரு மழை பெய்தால் மறுபடி தழைக்கும். அதே புல்லைக் கோல்ப் மைதானத்தில் வைத்தால் மட்டும் ஏன் இத்தனை தண்ணீர், இத்தனை மருந்து?

காரணம் கத்தரிப்புதான். பந்து போய் விழும் குழியின் அகலம் நாலே கால் அங்குலம். அந்தக் குழியைச் சுற்றி இருக்கும் திட்டுக்குக் 'கிரீன்' என்று பெயர். அங்கே பந்து உருண்டு போக வேண்டும். அதற்காகப் புல்லை 3 மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டுகிறார்கள். இரண்டு ஐந்து ரூபாய் நாணயத்தை அடுக்கினால் வரும் உயரம்கூட இல்லை! அவ்வளவு ஒட்ட வெட்டினால் புல்லுக்கு இலை ஏது? இலை இல்லாவிட்டால் வேர் ஆழமாகப் போகாது. வேர் மேலேயே நின்றால் தினம் தண்ணீர் கேட்கும். காளான் நோய் வரும். மருந்து கேட்கும். உரம் கேட்கும்.

பிறந்த குழந்தையைப் போல அதைப் பார்த்துக் கொள்ள வேண்டியிருக்கிறது. எல்லாம் நாமே இழுத்துவிட்டுக் கொண்ட வேலை!

எத்தனை லாரி?

இப்போது தண்ணீர்க் கணக்கு. பென்சிலை எடுத்துக் கொள்ளுங்கள்.

வெயில் காலத்தில் சென்னை போன்ற ஊரில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் புல்லிலிருந்து ஆவியாகிப் போகிறது என்று வைத்துக் கொள்வோம். ஒரு ஏக்கருக்கு அதை ஈடுகட்ட 20 ஆயிரம் லிட்டர் ஊற்ற வேண்டும். நூறு ஏக்கருக்கு? 20 லட்சம் லிட்டர்! 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் கொண்டு வந்தால் சுமார் 170 லாரி. அதுவும் ஒரே ஒரு நாளைக்கு.

2019-ம் ஆண்டு நினைவு இருக்கிறதா? ஏரிகள் வறண்டு, குடத்தை வைத்துக் கொண்டு ராத்திரி முழுதும் தெருக்குழாயில் காத்துக் கிடந்தோமே, அந்த ஆண்டு. ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன்களில் வந்தது மொத்தம் 25 லட்சம் லிட்டர். ஊரே வேடிக்கை பார்த்தது. அந்த ஒரு ரயில் தண்ணீரை நூறு ஏக்கர் புல்வெளி ஒன்றேகால் நாளில் குடித்துவிடும்!

அதனால் கோல்ப் மைதானமே கூடாது என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். கணக்கின் அடுத்த பாதியையும் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் கோல்ப் மைதானப் பராமரிப்பாளர்களின் சங்கம் ஒன்று உண்டு. அவர்கள் எடுத்த கணக்குப்படி, 18 குழி மைதானம் ஒன்று சராசரியாக 150 ஏக்கர். அதில் பராமரிக்கிற புல் சுமார் 100 ஏக்கர். ஆனால் பந்தை உருட்டும் 'கிரீன்' வெறும் 3 ஏக்கர்தான். பந்தை முதலில் அடிக்கும் 'டீ' மேடைகள் இன்னொரு 3 ஏக்கர். நடுவே பந்து பறந்து விழும் 'பேர்வே' சுமார் 30 ஏக்கர். மிச்சமெல்லாம் 'ரப்' எனப்படும் ஓரத்துப் புல். பந்து தவறிப் போனால்தான் ஆள் அங்கே போவார்.

அந்த ஓரத்துப் புல்லுக்கு எதற்கு தினம் தண்ணீர்? அதை வானம் பார்த்த பூமியாக விட்டுவிட்டால், நூறு ஏக்கருக்குப் பதில் 36 ஏக்கருக்குத்தான் தண்ணீர் வேண்டும். 170 லாரி 60 லாரியாகக் குறைந்துவிடும். சித்திரை வைகாசியில் ஓரத்துப் புல் கொஞ்சம் பழுத்துக் கிடக்கும். கிடக்கட்டுமே! ஐப்பசி மழையில் தானே பச்சை பிடித்துவிடும். அருகம்புல் செத்துப் போவதில்லை.

நடக்கிற காரியமா என்று சந்தேகப்பட வேண்டாம். அதே சங்கத்தின் கணக்குப்படி, அமெரிக்காவில் கோல்ப் மைதானங்கள் பயன்படுத்திய தண்ணீர் 2005-க்கும் 2020-க்கும் இடையே 29 சதவீதம் குறைந்திருக்கிறது. சில மைதானங்கள் மூடப்பட்டது ஒரு காரணம். மிச்சம் இருந்தவை புல்லின் பரப்பைக் குறைத்தது, மண்ணில் ஈரம் எவ்வளவு என்று கருவி வைத்துப் பார்த்துத் தண்ணீர் விட்டது, பட்டப்பகலில் பாய்ச்சாமல் விடியற்காலையில் பாய்ச்சியது ஆகியவை மற்ற காரணங்கள். இதில் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நம் ஊர் விவசாயிக்குத் தெரிந்த சங்கதிதான்.

குடிதண்ணீர் எதற்கு?

அந்த 60 லாரித் தண்ணீரும் குடிதண்ணீராக இருக்க வேண்டியதில்லை. நிலத்தடியிலிருந்து உறிஞ்சவும் வேண்டாம். ஊர்ச் சாக்கடையைச் சுத்தம் செய்த தண்ணீரே புல்லுக்குப் போதும்!

முகம் சுளிக்க வேண்டாம். 2019-ல் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் சென்னைக் குடிநீர் வாரியம் இரண்டு ஆலைகளைத் திறந்தது. கழிவு நீரை மூன்றாம் கட்டம் வரை சுத்திகரித்து, ஒவ்வொன்றும் தினம் 4 கோடியே 50 லட்சம் லிட்டர் தரக்கூடிய ஆலைகள். அந்தத் தண்ணீர் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. சண்டிகரில் இதுபோன்ற தண்ணீரைத் தனிக் குழாயில் கொண்டு போய்ப் பூங்காக்களுக்கும் கோல்ப் மைதானத்துக்கும் பாய்ச்சுகிறார்கள்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. கழிவு நீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்த அளவுக்கு உர மூட்டையைக் குறைக்கலாம். ஒரு குறையும் உண்டு. உப்பு. நாளடைவில் மண்ணில் படிந்துவிடும். மழை வந்து கழுவ வேண்டும், அல்லது உப்பைத் தாங்கும் புல் போட வேண்டும். கடலோரத்தில் வளரும் 'பஸ்பாலம்' என்ற புல் உவர் நீரையும் குடித்துப் பிழைக்கும். கடற்கரை ஊர்களில் பல மைதானங்கள் இந்தப் புல்லுக்கு மாறியிருக்கின்றன.

பறவைகள் செத்து விழுந்தன!

அடுத்தது மருந்து. இங்கேதான் ஆபத்து அதிகம்.

புழுவைக் கொல்ல அமெரிக்காவில் கோல்ப் புல்லில் 'டயாசினான்' என்ற மருந்தைத் தெளித்து வந்தார்கள். காட்டு வாத்துகள் வந்து அந்தப் புல்லை மேய்ந்தன. மேய்ந்தவை கூட்டம் கூட்டமாகச் செத்து விழுந்தன. கடைசியில் 1988-ல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு, கோல்ப் மைதானங்களில் அந்த மருந்தைத் தெளிக்கக் கூடாது என்று முடிவு செய்தது. பார்க்கப் பச்சைப் பசேல் என்று இருந்த இடம்தான், பறவைகளுக்கு விஷத் தட்டாக இருந்தது!

பறவைக்கு வருவது மனிதனுக்கு வராதா? விடியற்காலையில் தோளில் டப்பாவை மாட்டிக் கொண்டு மருந்து அடிக்கும் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். ஆட்டக்காரர் வந்து இரண்டு மணி நேரம் ஆடிவிட்டுப் போய்விடுவார். புல் வெட்டுகிறவரும், ஆட்டக்காரரின் பையைச் சுமக்கும் 'கேடி'யும் நாள் பூராவும் அங்கேயே நிற்கிறார்கள். கையுறை உண்டா, முகமூடி உண்டா என்று கேட்க வேண்டியது முதலில் அவர்களுக்காக.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஒரு நல்ல சட்டம் இருக்கிறது. 2006 முதல் ஒவ்வொரு கோல்ப் மைதானமும் 3 ஆண்டுக்கு ஒரு முறை, மருந்தை எப்படிக் குறைக்கப் போகிறோம் என்று எழுத்தில் திட்டம் கொடுக்க வேண்டும். எவ்வளவு மருந்து தெளித்தோம் என்ற கணக்கும் காட்ட வேண்டும்.

குறைப்பது எப்படி? காலண்டரைப் பார்த்து மருந்து அடிக்காமல், நோயைப் பார்த்து அடிப்பது. மைதானம் முழுக்க அடிக்காமல், நோய் கண்ட திட்டுக்கு மட்டும் அடிப்பது. காலையில் நீளமான கம்பால் புல்லின் மேல் இருக்கும் பனியைத் தட்டிவிடுவது. ஈரம் காய்ந்தால் காளான் நோய் பாதி வராது. புல்லை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தி வெட்டினாலே புல் தெம்பாகிவிடும் என்கிறார்கள். பந்து கொஞ்சம் மெதுவாக உருளும். அவ்வளவுதான் நஷ்டம்!

இன்னொரு வழி, குளத்துக் கரையில் பத்துப் பதினைந்து அடிக்குப் புல்லை வெட்டாமல் வளர விடுவது. மழையில் அடித்து வரும் உரத்தை அது பிடித்து நிறுத்தும். இல்லாவிட்டால் அந்த உரம் குளத்தில் இறங்கி, ஆகாயத் தாமரைக்குத் தீனி ஆகிவிடும். நம் ஏரிகளில் அந்தத் தாமரை படுத்தும் பாடு யாருக்குத் தெரியாது?

தண்ணீர் எங்கே போகிறது?

மூன்றாவது விஷயம்தான் வேளச்சேரி, ஆதம்பாக்கம், கிண்டி மக்களுக்கு நேரடியாக வயிற்றைக் கலக்கும் விஷயம். வெள்ளம்.

2015 டிசம்பர் 1-ந் தேதி மழையில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் கொட்டியது. வேளச்சேரியில் படகு விட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, பைவ் பர்லாங் ரோடு அருகே கட்டடத்துக்காகத் தோண்டியிருந்த ஆழமான பள்ளத்தில் இரண்டு பேர் சிக்கி மாண்டார்கள். நாட்கணக்கில் தண்ணீர் இறைத்துத்தான் உடல்களை எடுக்க முடிந்தது. பந்தய மைதானத்தின் பக்கத்து ரோடுதான் அது.

கணக்குப் பாருங்கள். 118 ஏக்கரில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால், அதில் விழும் தண்ணீர் மட்டும் ஏறத்தாழ 4 கோடியே 77 லட்சம் லிட்டர். சென்னையில் ஒரு நாளில் 10 சென்டிமீட்டர் பெய்வது அதிசயம் அல்ல. அந்தத் தண்ணீர் உள்ளேயே நின்று மண்ணில் இறங்கினால் ஊருக்கு உபகாரம். வெளியே வந்தால், ஏற்கெனவே நிரம்பி நிற்கும் கால்வாயில் இன்னும் 4 கோடி லிட்டர்!

இங்கேதான் ஆட்டத்துக்கும் ஊருக்கும் முட்டிக் கொள்கிறது. ஆட்டக்காரருக்கு மழை நின்ற மறு மணியே தரை காய வேண்டும். அதற்காகக் கோல்ப் மைதானங்களில் பூமிக்கடியில் ஓட்டைக் குழாய்கள் புதைத்து, தண்ணீரை விறுவிறு என்று வெளியேற்றுவார்கள். ஊருக்கோ தண்ணீர் மெதுவாக வெளியே போக வேண்டும். போகாமலே இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டுக்கும் சமாதானம் உண்டு. அதுதான் குளம். குழாய்த் தண்ணீரைத் தெருவுக்கு விடாமல் மைதானத்துக்குள்ளேயே தாழ்வான இடத்தில் குளம் வெட்டி அதில் விடுவது. பந்து குளத்தில் விழுந்தால் ஆட்டக்காரருக்கு இடைஞ்சல். அதுவும் ஆட்டத்தில் ஒரு பகுதி என்று எடுத்துக் கொள்கிறார்கள். மழை முடிந்ததும் அந்தத் தண்ணீரே புல்லுக்குப் பாயும். கொக்கும் நாரையும் வந்து இறங்கும். இந்த மாதிரி நிர்வாகத்துக்கு அமெரிக்காவில் 1991 முதல் 'ஆடுபான் இன்டர்நேஷனல்' என்ற அமைப்பு பரிசோதித்துச் சான்றிதழ் கொடுத்து வருகிறது.

ஒரே கூச்சலா?

எல்லோரும் இதை ஏற்றுக் கொள்வதில்லை. "சான்றிதழ் எல்லாம் கண் துடைப்பு. நூறு பேர் ஆட நூறு ஏக்கரா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. 1993-ல் மலேசியாவின் பினாங்கில் கோல்ப் எதிர்ப்பு இயக்கமே தொடங்கினார்கள். விளைநிலமும் காடும் கோல்ப் மைதானமாக மாறுவதைக் கண்டு கொதித்துப் பிறந்த இயக்கம் அது. சீன அரசு 2004-ல், நிலத்தையும் தண்ணீரையும் காப்பாற்றுவதற்காகப் புதிய கோல்ப் மைதானங்களுக்குத் தடை போட்டது. தடையை மீறிக் கட்டியவற்றில் 66 மைதானங்களை மூடியதாக 2015-ல் அறிவித்தது.

அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வயலை அழித்துப் புல் வளர்ப்பது எந்த ஊர் நியாயம்? ஆனால் ஏற்கெனவே இருக்கிற நூறு ஏக்கர் திறந்த வெளி வேறு விஷயம். சென்னை போல நாலு பக்கமும் சிமெண்ட் பூசிய ஊரில் மழையை உள்ளே வாங்கிக் கொள்ள மிச்சம் இருக்கிற மண் அது. அதை மூடிக் கட்டடம் கட்டினால் கோல்ப் மைதானத்தை விடப் பெரிய கேடு.

ஆகவே 'கோல்ப் வேண்டுமா வேண்டாமா' என்பதோடு நிற்காமல், அந்த நிலத்தை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

மூன்றே கேள்வி!

அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். மூன்று கேள்வி கேட்டால் போதும். ஒன்று, இந்தப் புல் குடிப்பது எந்தத் தண்ணீர், தினம் எத்தனை லிட்டர்? இரண்டு, தெளிப்பது என்ன மருந்து, எத்தனை கிலோ? மூன்று, 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் இங்கே விழும் தண்ணீர் எங்கே நிற்கும், எங்கே போகும்?

இந்த மூன்றுக்கும் பதிலை ஒரு போர்டில் எழுதி வாசலில் மாட்டினால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். ரேஷன் கடையில் இருப்பு என்ன, விலை என்ன என்று எழுதி மாட்டுகிறார்களே, அது மாதிரி!

கிளப்புக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. கிண்டியில் வரப்போவதாக அறிவித்த பூங்காவுக்கும் இதே மூன்று கேள்விதான். பூங்கா என்ற பெயர் வைத்து, அதிலும் மைல் கணக்கில் மெத்தைப் புல் போட்டு, குடிதண்ணீரைப் பாய்ச்சி, மருந்தை அடித்தால், கோல்ப் மைதானத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? ஆட்டம் இல்லை, அவ்வளவுதான். பழைய மகாபலிபுரம் ரோட்டில் கண்ணாடிக் கட்டடங்களின் வாசலில் பளபளக்கிறதே புல்வெளி, அதற்கும் இதே கேள்விதான். நம் அடுக்கு மாடிக் குடியிருப்பின் வாசலில் அசோசியேஷன் வைத்திருக்கும் புல் திட்டுக்கும் இதே கேள்விதான்!

அடுத்த முறை ரேஸ் கோர்ஸ் ரோட்டில் பஸ் நிற்கும்போது அந்த மதிலைப் பாருங்கள். ஐப்பசி பிறந்து அடைமழை தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். உள்ளே புல் எவ்வளவு பச்சை என்று எட்டிப் பார்க்க வேண்டாம். மதிலுக்கு அடியில் ஓடும் கால்வாயைப் பாருங்கள். மழை பெய்த மறுநாள் அது அமைதியாக இருந்தால், உள்ளே இருப்பவர்கள் தங்கள் தண்ணீரைத் தாங்களே வைத்துக் கொண்டார்கள் என்று அர்த்தம். கரை புரண்டு ஓடினால்?

வேளச்சேரிக்காரர்கள் பீரோவைக் கட்டில் மேல் தூக்கி வைக்க வேண்டியதுதான்!